இறக்கத்தில் கறுத்த கால் நகங்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண் பாதைகளில் ஓடிப் பழகிய எனக்கு, 2,000 அடிக்கும் மேல் உயர்ந்த பிரான்மலையில் ஏறுவதைவிட இறங்குவதே சோதனையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மறுநாள் இரு கால் கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிடும். காலணியின் இறுக்கமே காரணம் என்றெண்ணி ஓர் அளவு பெரியதை வாங்கினேன். நிலைமை மேலும் மோசமாயிற்று. இறங்கும்போது பாதம் முன்னோக்கி வழுக்கி, விரல்கள் காலணியின் முனையில் மோதுகின்றன என்பது பிறகுதான் புரிந்தது.

தீர்வு கயிற்றில் இருந்தது. காலணியின் மேல்முனையில் பலரும் (நானும்தான்) பயன்படுத்தாமல் விட்டுவிடும் கடைசித் துளையில், கயிற்றை அதே பக்கத்திலேயே நுழைத்துச் சிறு வளையமாக விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அவ்வளையத்தின் வழியே எடுத்து இறுக்கிக் கட்டினால், குதிகால் நழுவாமல் நிற்கும். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்குமாதலால், விரல்களுக்கு முன்னால் ஒரு கைக் கட்டைவிரல் அகலத்திற்கு மட்டும் இடம் விட்டேன். நகங்களை முதல்நாளே நேராக வெட்டிவிடுகிறேன். இறங்கும்போது வைக்கும் எட்டுகளையும் குறுக்கினேன், நீள எட்டு வைத்து உடலைப் பின்னுக்குச் சாய்த்தால், ஒவ்வோர் அடியும் வேகத்தடையாகி முன்தொடையை வாட்டுகிறது.

பழைய நகம் விழுந்து புதியது முழுதாக வளர ஓராண்டுக்கு மேலாயிற்று. அதற்குள் பலமுறை பிரான்மலை இறங்கிவிட்டேன், நகம் மீண்டும் கறுக்கவில்லை.