'ஃபண்டமென்டல்': எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

அகராதியைப் புரட்டினால் 'ஃபண்டமென்டல்' என்பதற்கு 'அடிப்படையான' என்று போட்டிருக்கும். 'பேசிக்' என்பதற்கும் அதே பொருள்தான். குழப்பமே இங்குதான் தொடங்குகிறது. தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஆள் வேறு வேறு.

படி 1: வேரைப் பிடியுங்கள்
லத்தீனில் 'ஃபுண்டுஸ்' என்றால் அடிப்பகுதி, 'ஃபுண்டாமெண்டும்' என்றால் அஸ்திவாரம். 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லும் இதே குடும்பம்தான்.

படி 2: உச்சரிப்பு
ஃபண்-ட-மென்-டல் என நான்கு அசை. அழுத்தம் 'மென்' மீது விழ வேண்டும். பலர் முதல் அசையை அழுத்திவிடுகிறார்கள். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் 'ஃப' வரும்.

படி 3: உருவிப் பாருங்கள்
நீங்கள் 'அடிப்படை' என்று சொல்ல வருவதை உருவிவிட்டால் அதன் மேலே உள்ளது சரியுமா? சரிந்தால் ஃபண்டமென்டல். எளிமையானது, தொடக்கநிலையில் உள்ளது என்றால் பேசிக்.

7-ஐயும் 8-ஐயும் கூட்டி 14 என்று எழுதினால் அது 'பேசிக் மிஸ்டேக்'. தொடக்கநிலையில் இருப்பவர்கூடச் செய்யக்கூடாத தவறு, ஆனால் அந்த வரியைத் திருத்தினால் போதும். பரப்பளவு கேட்ட கணக்குக்குச் சுற்றளவைக் கண்டுபிடித்து வைத்தால் அது 'ஃபண்டமென்டல் மிஸ்டேக்'. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாக இருந்தாலும் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

பட்டன் வைத்த சாதாரணக் கைபேசி 'பேசிக் ஃபோன்'. அதை ஃபண்டமென்டல் ஃபோன் என்று யாரும் சொல்வதில்லை. இயற்பியலில் ஈர்ப்பு விசை, மின்காந்த விசை, வலிமை மிக்க அணுக்கரு விசை, வலிமை குறைந்த அணுக்கரு விசை ஆகிய 4-ம் 'ஃபண்டமென்டல் ஃபோர்சஸ்'. எளிமையானவை என்பதால் அல்ல. உராய்வு போன்ற மற்ற விசைகள் இவற்றிலிருந்து பிறப்பதால்.

படி 4: வாக்கியத்தில் வையுங்கள்
பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'எ ஃபண்டமென்டல் சேஞ்ச்'. 'இஸ்' என்பதற்குப் பின்னாலும் வரும். அப்போது எதற்கு அடிப்படை என்று சொல்ல 'டு' சேருங்கள்: 'ட்ரஸ்ட் இஸ் ஃபண்டமென்டல் டு ஃப்ரெண்ட்ஷிப்'. அந்த 'டு'வுக்குப் பிறகு வினை வந்தால் 'இங்' கட்டாயம்: 'லிஸனிங் இஸ் ஃபண்டமென்டல் டு லேர்னிங் எ லாங்குவேஜ்'. 'கற்பதற்கு' என்று மனதில் ஓடுவதால் கை தானாக 'டு லேர்ன்' என்று எழுதிவிடும். கவனம்.

படி 5: வால் சேரும்போது
உரிமைகள் பன்மைதான், அதற்காக 'ஃபண்டமென்டல்ஸ் ரைட்ஸ்' என்று எழுதக்கூடாது. 'ஃபண்டமென்டல் ரைட்ஸ்' என்பதே சரி. 'ஸ்' சேர்ந்தால் அது பெயர்ச்சொல்: 'த ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் மியூசிக்'. 'லி' சேர்ந்தால் 'அடிப்படையிலேயே': 'ஃபண்டமென்டலி டிஃபரென்ட்'.

'இஸ்ட்' சேர்ப்பதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அடிப்படைகளை நன்றாகக் கற்றவரை 'ஃபண்டமென்டலிஸ்ட்' என்று பாராட்டிவிடாதீர்கள். மதக் கொள்கையை இம்மியும் விட்டுக்கொடுக்காமல் பிடித்து நிற்பவரை, அதுவும் பெரும்பாலும் குறை சொல்லும் தொனியில், குறிக்கும் சொல் அது. பாராட்ட வேண்டுமானால் 'ஸ்ட்ராங் இன் த ஃபண்டமென்டல்ஸ்' என்று சொல்லுங்கள்.