சூடு ஆறுவதற்குள் செய்யும் தவறு: டை காஸ்டிங்கில் தங்கும் ஸ்ட்ரெஸ்

போன வாரம் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையன், டையிலிருந்து (உருகிய உலோகத்தை அழுத்தி நிரப்பும் எஃகு அச்சு) எடுத்த அலுமினிய காஸ்டிங்கைச் சூட்டோடு தண்ணீர்த் தொட்டியில் போட்டான். அந்தச் சத்தம் கேட்டாலே இன்றும் எனக்கு வயிறு எரியும். கிளவுஸ் போடுவது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். இதைச் சொல்ல ஆள் இருக்காது.

சூட்டோடு தண்ணீரில் போடுவது

ஏடிசி12 என்ற அலுமினியக் கலவைக் காஸ்டிங் டையை விட்டு வரும்போது சுமார் 300 டிகிரி சூட்டில் இருக்கும். தண்ணீர் பட்டதும் 3 மி.மீ. சுவர் சட்டென்று ஆறி விறைத்துவிடும். அதை ஒட்டிய 15 மி.மீ. பாஸ் (போல்ட் போடத் தடிப்பாக விட்ட மேடு) மெதுவாகத்தான் ஆறும். அது சுருங்கப் பார்க்கும்போது, விறைத்த சுவர் விடாது. பாஸ் இழுபட்டும் சுவர் அமுங்கியும் அப்படியே நின்றுவிடும். பாடப்புத்தகம் இதைத்தான் எஞ்சிய தகைவு என்கிறது; ஷாப்பில் வெறும் ஸ்ட்ரெஸ். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒரு முறை வார்ப்பது) சில நொடி மிச்சமாகும் என்று ஒரு ஷிப்ட் முழுக்க கியர்பாக்ஸ் மூடிகளை நானும் இப்படித்தான் ஆற்றினேன். ஃபேஸ் மில்லிங் (முகப்பைச் சீவிச் சமமாக்குவது) முடித்து, பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்சரிலேயே டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. கிளாம்பைத் தளர்த்தி, துல்லியச் சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் ஒரு மூலை தூக்கி நின்றது. அனுமதி 0.05 மி.மீ.; இடைவெளி அளக்கும் 0.20 ஃபீலர் தகடு தாராளமாக உள்ளே போனது. மேல்தோலைச் சீவியதும் உள்ளிருந்த சமநிலை குலைந்து, மூடி வளைந்துகொண்டது. மெஷினிங் கூலியும் சேர்ந்து எல்லாம் உலைக்கே திரும்பிப் போயின.

டி5 (டையிலிருந்து வந்ததும் ஆற்றி, பிறகு மிதமாகச் சூடாக்கி வலுவேற்றும் முறை) செய்யும் பாகத்துக்கு இந்தக் குளிப்பாட்டல் தேவைப்படலாம். அது கணக்குப் போட்டுச் செய்கிற வேலை. மற்றபடி, சுவர் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் இருக்கும் பாகத்தைக் காற்றில் ஆறவிடுங்கள். சந்தேகமா? வளையம்போல் மூடிய பகுதியில் இரண்டு பஞ்ச் குறி வைத்து, இடைவெளியை அளந்து, நடுவில் ஹாக்சாவால் அறுத்துப் பாருங்கள். பிளேடு கடித்துச் சிக்கினாலோ வெட்டு வாய் பிளந்தாலோ உள்ளே ஸ்ட்ரெஸ் இருக்கிறது.

ஃபிக்சரிலேயே அளந்து ஓகே போடுவது

கிளாம்பை அவிழ்த்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஃபினிஷ் முடித்த பிறகு ஸ்ட்ரெஸ் ரிலீவ்

ஸ்ட்ரெஸ் ரிலீவ் என்றால் பாகத்தை அடுப்பில் சூடாக்கி ஸ்ட்ரெஸைத் தளர்த்துவது. கடைசி சீவலான ஃபினிஷ் முடிந்த பிறகு செய்தால், வளைவு அடுப்பிலேயே வந்துவிடும். முதலில் ரஃப் கட் (முதல் கட்டச் சீவல்), பிறகு 200–250 டிகிரியில் சில மணி நேரம், காற்றில் மெதுவாக ஆறல், அப்புறம்தான் ஃபினிஷ். வலிமை கொஞ்சம் குறையலாம் என்பதால் டிசைன் ஆட்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

500 டிகிரிக்கு ஏற்றுவது

சாதாரண பிரஷர் டை காஸ்டிங்கில் அடைபட்ட காற்று கொப்புளமாகக் கிளம்பும். வேண்டாம்.

வளைந்ததைத் தட்டி நிமிர்த்துவது

பிளேட்டில் உட்காரும். அடுத்த கட் எடுத்ததும் மறுபடி தூக்கிக்கொள்ளும்.