லேஸ் பின்னிய பாட்டிமார் வழியே குடும்ப வரலாறு தேடுவது எப்படி?

நாஞ்சில் நாட்டிலோ திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலோ வேர் உள்ள கிறிஸ்தவக் குடும்பமா? பாட்டியோ பூட்டியோ லேஸ் பின்னியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டே சில தலைமுறை பின்னால் போகலாம். ஆனால் கைவேலை தாய் வழியில் இறங்கியது. காகிதமெல்லாம் தகப்பன் பேரில் கிடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் கல்யாணப் பதிவேடுதான். தேடலை அதைச் சுற்றியே அமையுங்கள்.

1. பெட்டியைத் திறப்பது

லேஸைத் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். இரும்பு ஊசி குத்தியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். துருக்கறை நூலையே தின்றுவிடும். கறுப்புத் துணிமேல் விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

நூல்கள் துணி நெசவுபோல ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே ஓடி, முறுக்கிப் பிரிந்தால் அது திண்டின்மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னியது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக ஓடினால் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே. காஜா தையல் போல நெருங்கி இருந்தால் ஊசி லேஸ்.

துளையிட்ட தடித்த காகிதம் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் டிசைன் தாள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் எண்ணோ எழுத்தோ தெரியலாம். தாளை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டு லேஸின்மேல் வையுங்கள். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை அணைத்துவிடுங்கள். அளவு சற்றுச் சுருங்கினாலும் துளைகள் விலகிவிடும். பருத்தி நூல் துவைத்துத் துவைத்துச் சுருங்கும் என்பதால், ஒரு பூவை மட்டும் ஒப்பிடாமல் பத்துப் பூக்களின் மொத்த நீளத்தை அளந்து வகுத்துப் பாருங்கள்.

2. எந்த மிஷன்?

இது தெரியாமல் பதிவேட்டைத் தேடினால் காலம்தான் வீணாகும். நாகர்கோவிலுக்கு 1819-இல் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது லண்டன் மிஷன். அவர் மகள் எலைசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அந்த வேலையைக் கொண்டுபோனார். அது ஆங்கிலிக்கன் சபை, எஸ்பிஜி எனும் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் மிஷன். முளகுமூட்டில் 1897-இல் வந்த பெல்ஜியக் கன்னியர் லூயிஸ் தெ மேஸ்தர் தொடங்கிய வேலை கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தது.

லேஸ் வகையை மட்டும் வைத்து மிஷனைத் தீர்மானிக்க வேண்டாம். பெண்கள் வாக்கப்பட்ட ஊருக்கு வேலையையும் கொண்டுபோனார்கள். டிசைன் தாளும் கோயில் (தேவாலயப்) பதிவும்தான் சாட்சி.

3. பெரியவர்களிடம் கேட்பது

போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ‘அத்தை பின்னுவா’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். அப்பாவின் அக்காவா, மாமாவின் மனைவியா, மாமியாரா? முறைப்பெண் கல்யாணம் நடந்த வீட்டில் மூன்றும் ஒரே ஆளாகவும் இருக்கும். உறவுமுறையை அப்படியே எழுதாமல், யார் வயிற்றில் பிறந்தவர் என்று எழுதுங்கள். யாரிடம் கற்றார் என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும். பல பெண்களுக்குக் குரு அம்மா அல்ல, போர்டிங் பள்ளி ஆசிரியை.

4. பதிவேடு

பெரும்பாலோர் திணறுவது இங்கேதான்.

முதல் சிக்கல் பெயர். மிஷன் போர்டிங்கில் படித்த பிள்ளைகளுக்கு, அவர்கள் செலவை ஏற்ற இங்கிலாந்துக்காரர்கள் விரும்பிய பெயரையே வைப்பதுண்டு. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் முழு ஆங்கிலப் பெயர், கல்யாணத்தில் மூன்றாவது என்று வரும். பெயரைத் துரத்தாமல் தகப்பன் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு. ஆங்கில ஆண்டு தெரிய அதோடு கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824 கூட்டுங்கள். ஜனவரி பிறந்த பிறகு ஆடி வரை 825. கொல்லம் 1062 ஐப்பசி என்றால் 1886. அதே 1062 தை என்றால் 1887. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் பல தேதிகள் ஓராண்டு தள்ளிப்போகும். ‘விய வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1826-ஆ, 1886-ஆ, 1946-ஆ என்பதைச் சுற்றியுள்ள பதிவுகளால்தான் முடிவு செய்ய முடியும். மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் குறியுங்கள்.

கத்தோலிக்கப் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். 1917 திருச்சபைச் சட்டப்படி அங்கே அவருடைய கல்யாண விவரத்தைக் குறிக்க வேண்டும். பெண் எந்த ஊருக்குப் போனாள் என்பதைச் சொல்லும் அந்த ஒரு வரி பொன்னுக்குச் சமம்.

கோயிலில் பதிவேட்டின் நகல் கேட்கும்போது, தேடும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு சேர்த்துக் கேளுங்கள். குருவுக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரைப் பார்த்துப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

5. தூரத்து ஆவணங்கள்

லண்டன் மிஷன் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் உள்ளன. எஸ்பிஜி ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில். தனி ஆள் பெயரை மட்டும் கேட்டு எழுதினால் பதில் கிடைப்பது அரிது. ‘நாகர்கோவில்’, ‘நெய்யூர்’ என்று மிஷன் நிலையமும் ஆண்டும் குறிப்பிடுங்கள். கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால், பழைய ஆதாரம் மலையாளத்தில் இருக்கலாம். மேல்நிலை அரசுக் காகிதங்களைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்க்க க்ராம்ப்ஸ் (Gramps) என்ற இலவச வம்சாவளி மென்பொருளே நல்லது. ஒரே ஆளுக்குப் பல பெயர்கள் ஏற்றலாம். இந்தத் தேடலுக்கு அதைவிட முக்கியமான வசதி இல்லை.

பின்சேர்க்கை: வீட்டில் லேஸ் துண்டே மிஞ்சவில்லை என்றால் பழைய கல்யாணப் படங்கள், பலிபீட விரிப்புகள், குழந்தையின் ஞானஸ்நான உடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். விற்பனைக்குப் பின்னியது வெளியூர் போய்விடும். கோயிலுக்கும் பிள்ளைக்கும் பின்னியதுதான் ஊரில் தங்கும். கோயில் விரிப்பின் மடிப்பு ஓரத்தில் நூலால் தைத்த எழுத்து இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.