முதலில் கத்தியவருக்கு முதல் அடி இல்லை: சண்டை விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசையைச் சுற்றி அமர்ந்து, கதாபாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தைப் புதிதாக நடத்தத் தொடங்கியிருக்கும் ஒருவருடைய மேசையில் அண்மையில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன். முதல் சண்டை முடிவதற்குள், நான் ஆட்டம் நடத்தத் தொடங்கிய காலத்தில் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, அன்று எனக்கிருந்த அதே தன்னம்பிக்கையுடன், என் கண்முன் மீண்டும் நடந்தேறின. பகடை எண்ணைத் தவறாகக் கூட்டுவது, ஒருவருடைய முறையைத் தாண்டிவிடுவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றைப் பக்கத்தில் இருப்பவரே திருத்திவிடுவார். விதியைப் படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையிலேயே செய்யப்படும் தவறுகள்தான் ஆட்டத்தைக் கெடுக்கின்றன. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளையே இங்கே அடிப்படையாகக் கொள்கிறேன். 2024 திருத்தப் பதிப்பில் மாறியவற்றை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

இனிஷியேட்டிவ் உருட்டும் முன்பே அடிக்க விடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அன்று நான் நடத்திய கதையில், ஒரு பாலத்தைப் பிடித்து வைத்திருந்த கொள்ளைக் கூட்டத் தலைவனுடன் வீரர்கள் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைவனைப் பல அமர்வுகளாக நான் கட்டி எழுப்பியிருந்தேன். அவன் பேசிக்கொண்டிருந்தபோதே வில்லாளியாக ஆடியவர், “நான் அம்பு விடுகிறேன்” என்றார். சரி, உருட்டுங்கள் என்றேன். அம்பு பட்டது. உடனே அடுத்தவர், அவர்கள் எதிர்பார்க்கவில்லையே, அப்படியானால் எங்கள் அனைவருக்கும் ஓர் இலவசச் சுற்று உண்டல்லவா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினேன். யார் முந்துவது என்பதை முடிவு செய்யும் இனிஷியேட்டிவை யாரும் உருட்டுவதற்கு முன்பே தலைவன் இறந்து கிடந்தான்.

தலைவன் இறந்ததைப் பெரிய இழப்பாக நான் கருதவில்லை. அடுத்த அமர்விலிருந்து என் மேசையில் யாரும் எவரிடமும் பேசி முடிக்கவில்லை என்பதே இழப்பு. ஒரு காவலாளி வாயைத் திறந்தால் போதும், “அடிக்கிறேன்” என்று யாராவது முந்திக்கொள்வார்கள். முதலில் கத்தியவருக்கு முதல் அடி என்று நானே கற்றுக்கொடுத்துவிட்டேன். அமைதியான குரலில் பேசும் வீரர் ஒருவர், எவராலும் திடுக்கிட வைக்க முடியாத, இனிஷியேட்டிவில் 5 கூட்டிக்கொள்ளும் அலர்ட் என்ற சிறப்புத் திறனைத் தேர்ந்தெடுத்திருந்தார். தமது பாத்திரத்தை வேகமானதாக ஆக்க அவர் செலவிட்ட அந்தத் தேர்வை, உரத்த குரல் உடையவருக்கு நான் தூக்கிக் கொடுத்திருந்தேன். அவர் அதைச் சுட்டிக்காட்டிய விதம் மிகவும் மென்மையானது. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

விதி சொல்வது தெளிவானது. வில்லை எடுக்க வேண்டும் என்ற எண்ணம் செயலாக மாறும் கணத்திலேயே சண்டை தொடங்கிவிடுகிறது. ஆகவே அம்பு பறப்பதற்கு முன் அனைவரும் இனிஷியேட்டிவ் உருட்ட வேண்டும். அது டெக்ஸ்டெரிட்டியை, அதாவது பாத்திரத்தின் சுறுசுறுப்பை, சோதிக்கும் உருட்டு, யார் முந்துவார் என்பதை முடிவு செய்வதற்கென்றே உள்ளது. அனைவரும் ஒரு முறை ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டு என்பது கதைக்குள் ஏறத்தாழ 6 வினாடிகள். வில்லாளியின் கை அம்பறாத்தூணியை நோக்கிப் போவதை எதிரே நிற்பவன் பார்த்துவிட்டு, அவருக்கு முன்பே வாளை உருவிவிடலாம். வில்லாளிக்குச் சிறிய எண் விழுந்தால் நடந்தது அதுதான்.

திடுக்கிடல் என்பது இதிலிருந்து வேறானது. பேச்சை நடுவில் முறிப்பது திடுக்கிடல் ஆகாது. எந்த ஆபத்தையும் உணராதிருப்பவரே திடுக்கிட்டவர். ஒளிந்து வருபவரின் ஸ்டெல்த் உருட்டை எதிரியின் பாசிவ் பெர்செப்ஷனோடு, அதாவது 10உடன் அவருடைய கவனிக்கும் திறனின் திருத்த எண்ணைச் சேர்த்த தொகையோடு, ஒப்பிட்டு அதை முடிவு செய்கிறோம். ஆயுதம் தாங்கிய அந்நியர்களுடன் நேருக்கு நேர் நின்று பேரம் பேசும் ஒரு கொள்ளைக்காரன் ஆபத்தை உணரவில்லை என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

மேலும், ஐந்தாம் பதிப்பில் திடுக்கிடல் சுற்று என்று ஒன்றே கிடையாது. அது மூன்றாம் பதிப்பில் இருந்தது; பழைய ஆட்டக்காரர்களின் நினைவு வழியாகப் புதியவர்களுக்கும் தொற்றிக்கொண்டுவிட்டது. இப்போது திடுக்கிட்டவரும் மற்றவர்களோடு சேர்ந்து உருட்டுகிறார். தமது முதல் டர்னில், அதாவது தம் முறை முதலில் வரும்போது, அவர் நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது, அந்த டர்ன் முடியும் வரை, பிறர் செயலுக்கு உடனே பதிலாகச் செய்யும் ரியாக்‌ஷனும் கிடையாது. அந்த டர்ன் கடந்துவிட்டால், முதல் ரவுண்டு முடியாவிட்டாலும், அவர் ரியாக்‌ஷனைப் பயன்படுத்தலாம். அதாவது, பெரிய எண் உருட்டிய ஒரு மந்திரவாதி, திடுக்கிட்டிருந்தாலும், உங்கள் கொலையாளி பாய்ந்து வரும்போது ஷீல்டு மந்திரத்தால் தம் கவச எண்ணை 5 உயர்த்திக்கொள்ள முடியும். திடுக்கிடல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரே கூட்டத்தில் இருவர் திடுக்கிட்டும் மூவர் விழிப்பாகவும் இருக்கலாம். 2024 பதிப்பு இதை மேலும் தளர்த்தி, திடுக்கிட்டவர் இனிஷியேட்டிவை டிஸ்அட்வான்டேஜோடு, அதாவது இரு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்துக்கொண்டு, உருட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டது.

இந்த வாசலை அடைத்தால் வீரர்கள் பக்கவாட்டுக் கதவைத் தேடுவார்கள். “நான் எப்போதுமே வில்லை நாணேற்றி ரெடி ஆக்‌ஷனில் வைத்திருக்கிறேன்” என்பது அதில் மிகவும் பழையது. ரெடி என்பது சண்டைக்குள் ஒருவர் தமது டர்னில் எடுக்கும் ஆக்‌ஷன். இனிஷியேட்டிவ் உருட்டப்படாத நேரத்தில் அது இல்லை. இப்போதெல்லாம் நான் மறுப்பதில்லை, வருத்தப்படுவதுமில்லை. “உங்கள் கை வில்லை நோக்கிப் போகிறது, அனைவரும் இனிஷியேட்டிவ் உருட்டுங்கள்” என்று மட்டும் சொல்கிறேன்.

டர்னையும் ரவுண்டையும் ஒன்றாக எண்ணுவது

டர்ன் ஒருவருடையது, ரவுண்டு அனைவருடைய டர்ன்களும் சேர்ந்தது. எளிமையாகத் தோன்றும் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்தால் பதுங்கித் தாக்கும் ரோக் வகுப்பின் முதுகெலும்பே முறிந்துவிடும். ரோக்குக்குக் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் ஒரு டர்னுக்கு ஒரு முறை என்றே விதியில் உள்ளது, ஒரு ரவுண்டுக்கு ஒரு முறை என்று இல்லை. ஆகவே, தமது டர்னில் அதைப் பயன்படுத்திய ரோக், எதிரியின் டர்னில் அவன் விலகி ஓடும்போது ரியாக்‌ஷனால் அடித்தால், மற்ற நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில், மறுபடியும் அந்தக் கூடுதல் சேதத்தைப் பெறுவார். அது ஏமாற்று என்று நான் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். ரியாக்‌ஷனைப் பொறுத்தவரை, ரவுண்டு புதிதாகத் தொடங்கும்போது அது அனைவருக்கும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. அவரவர் டர்ன் தொடங்கும்போதுதான் அவரவருக்குத் திரும்புகிறது.

எதிரி அசைந்தாலே அடிப்பது

எதிரி நம் ஆயுதம் எட்டும் தொலைவைவிட்டு வெளியேறினால் மட்டுமே வாய்ப்புத் தாக்குதல், அதாவது விலகுபவர் மீது உடனே விழும் அடி, உண்டு. உள்ளே வருவதற்கும், எட்டும் தொலைவுக்குள்ளேயே சுற்றி நடப்பதற்கும், டெலிபோர்ட் ஆவதற்கும், பிறர் தள்ளிவிட்டதால் விலகுவதற்கும் இல்லை. அருகில் நின்று மந்திரம் சொன்னால் அடி விழும் என்பதும் மூன்றாம் பதிப்பின் நினைவுதான்.

பெயரிலிருந்து விதியை ஊகிப்பது

சில் டச் என்ற மந்திரத்தின் பெயரைக் கேட்டால் தொட வேண்டும் என்றும் குளிரால் சேதம் வரும் என்றும் யாருக்கும் தோன்றும். 2014 பதிப்பில் அது 120 அடி தொலைவு பாயும். சேதமோ உயிரை அரிக்கும் நெக்ரோட்டிக் வகை. ஒரு பனி அரக்கனுக்கு அந்த மந்திரம் பலிக்காது என்று நான் தீர்ப்பளித்த நாளில் மந்திரவாதியாக ஆடியவர் புத்தகத்தைத் திறந்து என் முன் வைத்தார். (2024இல் அது உண்மையாகவே தொடும் மந்திரமாகிவிட்டது, குளிர் மட்டும் இன்னும் வரவில்லை.) மல்லுக்குப் பிடிக்கும் கிராப்பிளிலும் இதே குழப்பம்தான்: 2014 விதியின்படி பிடிபட்டவரின் வேகம் 0 ஆகிறது, அவ்வளவே. அவர் தம் வாளை வழக்கம்போல் வீசலாம். கைகள் கட்டப்பட்டதாக நம் மனம் கற்பனை செய்கிறது. விதி அப்படிச் சொல்லவில்லை.

அட்வான்டேஜ்களை எண்ணிக் கழிப்பது

அட்வான்டேஜ் என்றால் இரு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது. மூன்று அட்வான்டேஜும் ஒரு டிஸ்அட்வான்டேஜும் சேர்ந்தால் சாதாரண உருட்டு.

கிரிட்டிக்கலில் அனைத்தையும் இரட்டிப்பது

சேதம் பெருகும் சிறப்பு அடியான கிரிட்டிக்கலில் இரட்டிப்பாவது பகடைகள் மட்டும்.

வீழ்ந்தவர் மீதான அடியை ஒன்றாகக் கணக்கிடுவது

5 அடிக்குள்ளிருந்து நினைவிழந்தவர் மீது படும் தாக்குதல் கிரிட்டிக்கல் ஆகும். அதனால், அவர் பிழைப்பாரா என்பதை முடிவு செய்யும் மரண உருட்டில் இரண்டு தோல்விகள் சேரும். மூன்று சேர்ந்தால் மரணம். இதை வீரர்களிடம் சண்டைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தவறு தெரிந்ததும் கதையைப் பின்னோக்கித் திருத்துவது

நான் பார்க்கச் சென்ற மேசையிலும் ஒரு வாயிற்காவலன் இலவச அம்பில் இறந்தான். இடைவேளையில் அதை நடத்தியவர் என்னிடம் விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காவலனை உயிர்ப்பித்துச் சண்டையை முதலிலிருந்து நடத்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நானும் ஒரு முறை அப்படித் திருத்தப் போய், யார் எங்கே நின்றார், எத்தனை உயிர்ப்புள்ளி மீதமிருந்தது என்ற வாதத்தில் அன்றைய அமர்வையே இழந்திருக்கிறேன். காவலன் இறந்தவனாகவே இருக்கட்டும். இனிமேல் இப்படி நடத்துவோம் என்று வீரர்களிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுத் தொடருங்கள் என்றேன். அவர் அப்படியே செய்தார். அடுத்த அறைக்குள் நுழைந்ததும் அதே வில்லாளி அதே வாக்கியத்தைச் சொன்னார். இம்முறை அனைவரும் உருட்டினார்கள். வில்லாளிக்கு 4 விழுந்தது.