ஸ்னூக்கர் கியூ: எடையைக் கவனித்து வாங்குங்கள்

ஸ்னூக்கரில் பந்தை அடிக்கும் கோலான கியூவைப் புதிதாக வாங்கப் போகிறவர்கள் மரத்தின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், எடையைக் கேட்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஸ்னூக்கர் கியூக்கள் பெரும்பாலும் 17 முதல் 19 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 480 முதல் 540 கிராம் வரை இருக்கும். குழப்பமாக இருந்தால் 18 அவுன்ஸில் தொடங்குங்கள்.

கனமான கியூ பந்தை எளிதாக விரட்டும். ஆனால் வெள்ளைப் பந்தை ஓரிரு அங்குலம் மட்டும் நகர்த்த வேண்டிய இடத்தில் கட்டுக்குள் நிற்காது. மிக இலேசான கியூவிலோ, நீண்ட அடியின்போது மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டு நேர்கோடு கலைந்துவிடும்.

கையில் தூக்கிப் பார்ப்பது போதாது. மேசையில் பிரவுன் பந்துக்குரிய புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், பிங்க், கறுப்புப் புள்ளிகளின் மேலாக எதிர்க் குஷனுக்கு, அதாவது மேசையின் எதிர்ப்பக்க ரப்பர் விளிம்புக்கு, அடியுங்கள். பந்து திரும்பி வந்து, நீங்கள் அசைக்காமல் நீட்டியிருக்கும் கியூவின் நுனியையே தொட வேண்டும். பத்து முறை அடித்த பிறகு முன்கை இறுகுகிறதா? அரை அவுன்ஸ் குறைத்துப் பாருங்கள்.

சமநிலையும் முக்கியம். கியூவை ஒரு விரல்மேல் கிடத்துங்கள். அடிப்பக்கத்திலிருந்து 16 முதல் 18 அங்குலத்தில் அது சாயாமல் நின்றால் பெரும்பாலோருக்கு இயல்பாக இருக்கும். முன்பாரம் கூடிய கியூ, எடை குறைவாக இருந்தாலும் கையில் கனமாகவே தெரியும்.