கெர்னல் நிரலை ரிவ்யூ செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் ஒரு சிறு நிறுவனத்தில் லினக்ஸ் டிரைவர், அதாவது இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்து ஒரு கருவியை இயக்கும் நிரல், எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளின் பேட்சுகளை, அதாவது நிரல் மாற்றங்களை, பார்ப்பதும், அவர்கள் ஒருவர் நிரலை ஒருவர் ரிவ்யூ செய்ததை மறுபடி பார்ப்பதும் என் பொறுப்பு. தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். மெமரி ஒதுக்கித் தரும் கேமல்லாக் (kmalloc), நல் (NULL) எனும் வெற்று முகவரியைத் தந்ததா என்று பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை ஸ்மாட்ச் போன்ற, நிரலை ஓட்டாமலே சோதிக்கும் கருவிகளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நல் சோதனையே போதும் என்று இருந்துவிடுவது

சில ஃபங்ஷன்கள் தோல்வியடைந்தால் நல் தரும். வேறு சில, பிழை எண்ணுக்கே பாயின்டர் (மெமரி முகவரி) வேடம் போட்டு அனுப்பும். ஐஓரீமேப் முதல் வகை, டெவ்எம்_ஐஓரீமேப்_ரிசோர்ஸ் இரண்டாம் வகை. முகவரிகளின் கடைசி 4095 மதிப்புகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மெமரி இல்லை என்பதைக் குறிக்கும் -12 பாயின்டராக வந்தால் அது நல் அல்ல என்பதால், சோதனையைத் தடையின்றிக் கடந்து, சம்பந்தமில்லாத வேறோர் இடத்தில் கெர்னலைக் கவிழ்க்கும். பெயரை வைத்து ஊகிக்காமல் அந்த ஃபங்ஷனின் மூலநிரலைத் திறந்து பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

காப்பி_ஃப்ரம்_யூசர் தருவதை அப்படியே ரிட்டர்ன் செய்வது

பயனர் நிரலின் மெமரியிலிருந்து கெர்னலுக்கு நகலெடுக்கும் இந்த ஃபங்ஷன் தருவது பிழை எண் அன்று, நகலாகாமல் மீந்த பைட்டுகளின் எண்ணிக்கை. ரைட் ஃபங்ஷனிலிருந்து அதை அப்படியே அனுப்பினால், 16 பைட் மீந்ததைப் பயனரின் நிரல் 16 பைட் எழுதப்பட்டதாக எடுத்துக்கொள்ளும்.

டெவ்எம்மையும் கையால் விடுவிப்பதையும் கலப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். டெவ்எம் (devm) என்பது, டிரைவர் எடுத்தவற்றைக் கெர்னலே தானாக விடுவிக்கும் ஏற்பாடு. கருவி இணையும்போது ஓடும் ப்ரோபில் கேமல்லாக் வழியே ஒரு பஃபர் (தற்காலிக மெமரி) எடுக்கிறார்கள். பிறகு டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வழியே இன்டரப்டை (கருவி அனுப்பும் குறுக்கீட்டை), அது வந்தால் ஓடும் ஹேண்ட்லரோடு பதிவு செய்கிறார்கள். கருவி நீங்கும்போது ஓடும் ரிமூவில் கேஃப்ரீ அழைத்து பஃபரை விடுவிக்கிறார்கள். எடுத்தது அனைத்துக்கும் விடுவிப்பு இருக்கிறது, இன்டரப்டை டெவ்எம் பார்த்துக்கொள்ளும் என்று ரிவ்யூ செய்பவரும் ஒப்புதல் தந்துவிடுகிறார். ஆனால் டெவ்எம் தன் பொருள்களை, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக, ரிமூவ் முடிந்த பிறகே விடுவிக்கிறது. பஃபர் போய்விட்டது, ஹேண்ட்லர் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் விடுவிக்கப்பட்ட மெமரியில் எழுதும்.

எடை இயந்திரம் ஒன்றுக்கான டிரைவரில் இதை நானே செய்திருக்கிறேன். மாட்யூலை இறக்கும்போது எப்போதாவது ஒரு முறை மட்டும் போர்டு உறைந்துபோகும். பவர் சப்ளையை மாற்றினேன், எர்த்திங்கைக் குறை சொன்னேன், கேபிளை மாற்றினேன். மூன்று வாரம் போனது. கடைசியில், 2015-இல் வெளிவந்த 4.0 முதல் கெர்னலிலேயே இருக்கும், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசானை (KASAN) இயக்கியபோது, விடுவித்த இடம் என் ரிமூவ், தொட்ட இடம் என் ஹேண்ட்லர் என்று ஒரே அறிக்கையில் இரண்டையும் அச்சிட்டுக் காட்டியது. கேசானும் அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்தால்தான் பிடிக்கும் என்பதால், ரிவ்யூவில் கண்தான் இதைப் பிடிக்க வேண்டும். பகிரப்படும் இன்டரப்டாக இருந்தால் டீபக்_ஷர்க் (DEBUG_SHIRQ) என்ற அமைப்பை இயக்கலாம். பதிவை நீக்கும் நேரத்தில் அது வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒரு முறை அழைத்துப் பார்க்கும்.

சரியான வழி இரண்டு. பஃபரையும் டெவ்எம் வழியே முதலில் எடுத்து, இன்டரப்டை அதன் பிறகு பதிவு செய்ய வேண்டும். அல்லது இரண்டையும் கையாலேயே கையாண்டு, ஃப்ரீ_ஐஆர்க்யூவை முதலிலும் கேஃப்ரீயை அதற்குப் பின்னும் அழைக்க வேண்டும். ப்ரோப் பாதியில் தோற்று கோட்டு (goto) லேபிளுக்குத் தாவும் பாதையிலும் இதே ஓட்டை உண்டு. அங்கே யாரும் பார்ப்பதில்லை. "எடுத்ததெல்லாம் விட்டாச்சுங்களே அண்ணா, லீக் ஒண்ணும் இல்லீங்களே" என்று போன மாதமும் ஒரு தம்பி சொன்னான். லீக் இல்லை என்பது உண்மைதான், வரிசைதான் தவறு. எடுத்த வரிசையையும் விடும் வரிசையையும் தாளில் பக்கம்பக்கமாக எழுதச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே அவன் நிறுத்திவிட்டான்.

ஸ்பின்லாக்குக்குள் ஜிஎஃப்பி_கெர்னல்

ஸ்பின்லாக் எனும் பூட்டைப் பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாது. ஜிஎஃப்பி_கெர்னல் என்று கேட்டு மெமரி எடுத்தால், அது கிடைக்கும்வரை தூங்க நேரலாம்.

ரெட்டில் பிழை எண் வைக்காமல் கோட்டு

ரெட் (ret) என்ற மாறியில் பிழை எண் வைக்காமல் கோட்டு வழியே வெளியேறினால், தோற்ற ஃபங்ஷன் 0 தரும். அழைத்தவர் வென்றதாக நம்புவார்.

ரெஃபரன்ஸ் எண்ணிக்கையின் கசிவை வெறும் மெமரி விரயமாக நினைப்பது

ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. அதைக் கூட்டிவிட்டுக் குறைக்க மறப்பதே கசிவு. கெர்னல் சாவிகளை வைக்கும் கீரிங்கில் 2016 ஜனவரியில் வெளியான ஓட்டை, சீவீஈ-2016-0728 (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண்), இந்த வகைதான். ஒரு ப்ராசஸ் தான் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கீரிங்கிலேயே மறுபடி சேரக் கேட்டால், அந்த வெளியேறும் பாதையில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்திருந்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்டு 32 பிட் எண்ணியை நிரப்பிச் சுழியமாக்கினால், பயன்பாட்டில் இருக்கும் பொருளே விடுவிக்கப்பட்டு, சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகும் வழி திறந்தது. கெர்னல் 4.11-இல் வந்த ரெஃப்கவுன்ட்_டி என்ற எண்ணி வகை இந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. ஆனால் விட்டுப்போன குறைப்பை அது எழுதித் தராது. டிரைவர்களில் இது அதிகம் ஒளிந்திருக்கும் இடம், போர்டில் உள்ள கருவிகளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப். அதன் நடுவே ரிட்டர்ன் கண்ணில் பட்டால், மேல் வரியில் எண்ணிக்கையைக் குறைக்கும் ஓஎஃப்_நோட்_புட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சென்ற வாரம் வந்த மூன்று பேட்சுகளில் இரண்டில் இல்லை.