கர்ப்பத்தில் ரத்தம் பட்டால்: அரிதான காரணங்களையும் தெரிந்து வையுங்கள்

எந்த மாதத்தில் ரத்தம் பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலை ஊர்க்காரர்கள் இறங்கி வரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிட வேண்டாம். பழந்துணிக்குப் பதில் நாப்கின் வைத்தால் எத்தனை நனைந்தது என்று சொல்ல முடியும். சதைபோல் ஏதாவது வெளியே வந்தால் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள்.

வாந்தி மிக அதிகம், மாதத்துக்கு மீறிய வயிறு, ரத்தத்தோடு திராட்சைபோல் குமிழ்கள்: இது முத்துப்பிள்ளைக் கர்ப்பமாக (கரு சரியாக வளராமல் நஞ்சுக்கொடி குமிழ்குமிழாக வளர்வது) இருக்கலாம். ஸ்கேனும் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுக்கும். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. மிச்சம் இருந்தால் புற்றுநோயாக மாறக்கூடும். எச்.சி.ஜி. இறங்கி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அடுத்த கர்ப்பம் வேண்டாம்.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் 6, 7 வாரத்திலேயே ஸ்கேன் எடுங்கள். கரு பழைய தழும்பில் ஒட்டியிருந்தால் அப்போதே தெரியும். பிரசவ வலியின்போது தழும்பு பிரிந்தால் திடீர்க் கடும் வலி வரும், வந்துகொண்டிருந்த வலி நின்றும் போகலாம்.

எல்லாவற்றிலும் பதற வைப்பது, குழந்தையின் ரத்தக்குழாய் கர்ப்பப்பை வாயின் குறுக்கே ஓடுவது. பனிக்குடம் உடையும்போது அதுவும் கிழிகிறது. வலி இருக்காது, தாய்க்கும் ஒன்றும் ஆகாது. போவது குழந்தையின் ரத்தம். மூன்று கிலோ குழந்தையிடம் மொத்தமே கால் லிட்டர் அளவுதான் இருக்கும். அதனால் கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளசென்டா) கீழே இருந்தாலோ இரட்டைக் குழந்தையானாலோ, ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘தொப்புள்கொடி நஞ்சில் எங்கே சேருகிறது?’ என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். உறுதியானால் வலி வருமுன், பெரும்பாலும் 34 முதல் 37 வாரத்துக்குள் சிசேரியன். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் முன்கூட்டியே சேர்ந்துவிடுவது நல்லது.

உறவுக்குப் பின் மட்டும் ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். சதை வளர்ச்சியாக இருக்கலாம், அரிதாகப் புற்றாகவும் இருக்கலாம். ஆனால் ஐந்து மாதத்துக்குப் பிறகு, நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடவில்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை விரல் விட்டுப் பார்க்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை, ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.